திரும்பினால் மட்டும் வரும் சத்தம்

வெலாந்த்ரோ கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் 'சத்தம்' என்று சொல்லக் கூடாது. இது தெரியாமல், உள்ளே நுழைந்த உடனே அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டார் பெருநகர் கிராமத்துத் தாமோதரன். அதற்கப்புறம் நடந்ததற்கெல்லாம் அவரே பொறுப்பு என்கிறது கம்பெனி. கம்பெனி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். தரை முழுக்க முகம் தெரிகிற அளவுக்குக் கல் பதித்த இடத்தில் தப்பான பேச்சு எப்படி வரும்?

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெருநகர் முனிரத்தினம் ரோட்டோர நிலத்தை ஒரு கிடங்குக்காரருக்கு விற்றுவிட்டு, சிவப்பு நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். இரண்டே சீட். வேட்டி கட்டிய மனிதர் அதில் ஏற முடியாது, இறங்கத்தான் முடியும். ஒரு காலை உள்ளே விட்டு, கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, 'முருகா' என்று பொத்தென விழ வேண்டும். அவர் மனைவிக்கு அதில் இடமில்லை. முனிரத்தினத்துக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதால் ஒரு சீட் அவருக்கு, இன்னொன்று டிரைவர் தாமோதரனுக்கு.

தாமோதரன் அதற்கு முன்னால் உத்திரமேரூர் போகிற தனியார் பஸ் ஓட்டினார். அதற்கும் முன்னால் டிராக்டர். அவர் கையில் எந்த வண்டியும் முனகியதுகூட இல்லை என்று ஊரில் பேர். ஏரியின் கடைமடையில் அவருக்கு ஒரு துண்டு நிலம் உண்டு. ஏரி நிரம்பி வழிகிற வருஷத்தில் மட்டும் தண்ணீர் அங்கே எட்டிப் பார்க்கும். மற்றபடி அவரும் மனைவி கனகாவும் சாப்பிடுவது ஸ்டீயரிங் பிடித்துத்தான். முனிரத்தினம் கூப்பிட்டார் என்று பஸ்ஸை விட்டுவிட்டு வந்தார். அந்த பஸ்ஸில் இப்போது வேறு ஆள் இருக்கிறார், நன்றாகவும் ஓட்டுகிறார்.

கார் வந்த புதிதிலேயே கத்த ஆரம்பித்தது. நேராகப் போனால் ஒன்றும் கிடையாது. திரும்பினால் கத்தும். அந்தப் பக்கத்து ரோடுகளோ எந்த ஏரியைக் கண்டாலும் அதன் கரையோடு வளைந்து போகிறவை. திருப்புலிவனம் பக்கம் ரோட்டில் நெல் காயவைத்திருக்கும் பெண்கள், கார் கண்ணில் படுவதற்கு முன்பே சத்தத்தைக் கேட்டு நெல்லை ஓரமாகத் தள்ளி வழி விட்டார்கள். டீக்கடையில் ஒருவர் பேரிங் போய்விட்டது என்றார். இன்னொருவர், பூசணிக்காய் சுற்றாமல் வண்டியை வீட்டுக்கு எடுத்து வந்த குறை என்றார். புது வண்டி அப்படித்தான், பழகினால் அடங்கிவிடும் என்றார் மூன்றாமவர். அவருக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது.

உத்திரமேரூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில்தான் முனிரத்தினத்தின் மானம் கப்பலேறியது. கார் உள்ளே திரும்பியபோது எழுந்த சத்தத்தில் மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். முனிரத்தினத்தின் பங்காளி ஒருவர் கூட்டத்துக்கு நடுவே நின்று, "இன்னா ரத்தினம், வண்டிக்குள்ள ஆட்டக் கட்டி வச்சிக்கினு கீறியா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். முனிரத்தினம் பந்தியில் பாயசத்தைத் தொடவில்லை.

மறுநாள் காலையில் தாமோதரனைக் கூப்பிட்டார்.

"தாமு, இத்தினி நாளு நான் வாயத் தொறக்கல. இன்னிக்கு நேரா கம்பெனிக்குப் போ. சத்தம் எங்கேர்ந்து வருது, யாரு மேல தப்புன்னு எழுதி வாங்கினு வா. கம்பெனி மேல தப்புன்னா அவன நான் பாத்துக்கிறேன். உன் ஓட்டுல தப்புன்னா சாவிய வச்சிட்டு போய்க்கினே இரு."

"மொதலாளி, என் கையில எந்த வண்டியாச்சும் இது மாதிரி..."

"அத்தயும் சேத்து எழுதி வாங்கினு வா நைனா. நல்லதுதானே."

வீட்டில் கனகா நாஷ்டா எடுத்து வைத்தார். தாமோதரன் சாப்பிடவில்லை. "எழுதிக் குடுக்காம எங்க போவான்? அவன் செஞ்ச வண்டி தானே" என்று கனகா தைரியம் சொல்லி அனுப்பினார். கனகாவுக்குக் கம்பெனிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது.

சர்வீஸ் சென்டர் காஞ்சிபுரம் தாண்டி ஹைவேயில் இருந்தது. வாசலில் நின்ற காவலர்கள் காருக்கு சல்யூட் அடித்தார்கள். ஒருவர் ஈரத் துண்டு கொடுத்தார், இன்னொருவர் பன்னீர் தெளித்தார். பெரிய கண்ணாடிக் கூடத்தில் ஷீபா என்ற இளம்பெண் கைகூப்பி நின்றார். அவர் 'வாடிக்கையாளர் மகிழ்ச்சி அதிகாரி' என்று சட்டையில் குத்தியிருந்த அட்டை சொன்னது. தன் கையாலேயே ஒரு தம்ளர் மாதுளை ஜூஸ் கொடுத்தார்.

"வெலாந்த்ரோ குடும்பத்துக்கு வெல்கம் சார்."

"ஓனரு நான் இல்லமா. நான் டிரைவரு."

ஷீபாவின் சிரிப்பு பாதி வழியில் நின்றது. கொடுத்த ஜூஸைத் திருப்பி வாங்குவதா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தார். தாமோதரன் அதற்குள் ஒரு வாய் குடித்திருந்ததால் ஜூஸ் அவரிடமே தங்கியது.

"பரவாயில்ல அண்ணா. சொல்லுங்க, உங்களுக்கும் காருக்கும் உறவு எப்படி இருக்கு?"

"உறவா? சத்தம் வருதுமா. திரும்பினா சத்தம்."

கூடத்தில் எல்லா வேலையும் நின்றது. காபி கலக்கிக்கொண்டிருந்தவர் ஸ்பூனை எடுத்துவிட்டார். சோபாவில் சாய்ந்திருந்த கார் உரிமையாளர் ஒருவர் போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். ஷீபா மேஜையைச் சுற்றிக்கொண்டு அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணா, இங்க அந்த வார்த்தைய நாங்க யூஸ் பண்றதில்ல. கஸ்டமர்ஸ் மனசு கஷ்டப்படும். ஒலி அனுபவம்னு சொல்லுங்க."

"சரிமா. திரும்பும்போது ஒலி அனுபவம் வருது. கர்ண கொடூரமா வருது."

ஷீபா அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் போனார். அதில் இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. மகிழ்ச்சியான ஒலி அனுபவம், மிகவும் மகிழ்ச்சியான ஒலி அனுபவம். இரண்டில் எது என்று கேட்டார். தாமோதரன் தலையைச் சொறிந்தார். புகார் கொடுக்க வந்த இடத்தில் ரொம்பவும் புகழ வேண்டாம் என்று முதலாவதைச் சொன்னார்.

காரைச் சோதனைப் பாதைக்குக் கொண்டு போனார்கள். அதை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். கான்கிரீட்டில் ஒரே நேராகப் போட்ட பாதை, இரண்டு பக்கமும் புல்வெளி. பாதை முடிகிற இடத்தில் தரையோடு தரையாகப் பெரிய இரும்புத் தட்டு. கார் அதன் மேல் போய் நின்றதும் தட்டு தானே சுழன்று காரைத் திருப்பி வைக்கும். கார் வந்த வழியே நேராகத் திரும்பி வரும். இப்படி ஒரு ஏற்பாட்டுக்கு வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து ஒரு வாரம் தங்கினார்களாம்.

வெள்ளைக் கையுறை போட்ட சோதனை ஓட்டுநர் போனார், வந்தார், மறுபடி போனார். கார் வாய் திறக்கவில்லை. தாமோதரன் கூடவே புல்வெளியில் ஓடினார்.

"சார், திருப்பிப் பாருங்க சார்."

"திருப்பியாச்சே. பாக்கலையா நீங்க?"

"தட்டு தானே சார் திருப்புச்சி? சக்கரம் எங்க திரும்புச்சி?"

"கார் முதல்ல அந்தப் பக்கம் பாத்துட்டு இருந்துச்சு. இப்ப இந்தப் பக்கம் பாக்குது. அதுக்குப் பேரு திரும்பறது இல்லாம என்ன?"

அவ்வளவு வருஷம் வண்டி ஓட்டியும் திரும்புவது என்றால் என்னவென்று யாரும் தாமோதரனை இப்படி மடக்கியதில்லை. வெளியே ரோட்டுக்கு வந்து ஒரு திருப்பம் திரும்பிப் பார்க்கும்படி கெஞ்சினார். கேட்டுக்கு வெளியே கம்பெனி ஆட்கள் கேட்கிற எதுவும் கம்பெனி கேட்டதாக ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். கார் நலமாக இருக்கிறது என்று ஷீபா சாவியை வெல்வெட் பையில் போட்டு நீட்டினார்.

எழுத்தில்லாமல் போனால் முனிரத்தினம் சாவியை வாங்கிக்கொள்வார். தாமோதரன் வெல்வெட் பையைத் தொடவில்லை. பெரிய அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். கூடத்தில் நிற்கக் கூடாது என்று அவரை டிரைவர்கள் காத்திருக்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். அது கட்டடத்துக்குப் பின்னால், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே பெஞ்சில் ஒரு வாலிபர் குந்தியிருந்தார். பேர் ஜெகன், ஊர் கூரம். பட்டு வியாபாரி ஒருவரிடம் டிரைவர்.

ஜெகன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, சத்தமா?" என்று கேட்டார்.

"ஆமா தம்பி. உனக்கெப்படித் தெரியும்?"

"எங்க வண்டியும் அதேதான். போன வாரம் வந்தவரு வண்டியும் அதேதான். இந்தக் கம்பெனி வண்டி எல்லாத்துலயும் கீதுண்ணா. திருப்பினா ஆடு கத்துற மாதிரி."

தாமோதரனுக்கு உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. தன் கை சரியாகத்தான் இருக்கிறது. சந்தோஷத்தில் ஜெகனின் தோளைத் தட்டினார். "அப்ப கம்பெனி மேலதான் தப்பு. எழுதி வாங்கிட வேண்டியதுதான்."

"எழுதியா? பேஜார்ணா அது. போயிடு. வேதகிரி சாராண்ட மட்டும் போவாத."

ஆனால் எழுதிக் கொடுக்கிற அதிகாரம் வேதகிரி சாரிடம்தான் இருந்தது. மத்தியானத்துக்கு மேல் கூப்பிட்டார்கள். 'தென்மண்டல ஒலி அனுபவத் தலைவர்' என்று கதவில் போட்டிருந்தது. உள்ளே போனால் அப்படியொரு அமைதி. கதவு, சுவர், மேற்கூரை எல்லாவற்றுக்கும் பஞ்சு வைத்துத் தைத்திருந்தார்கள். சத்தத்தைப் பற்றி முடிவெடுக்கிற அதிகாரியின் காதில் எதுவும் விழாமல் பார்த்துக்கொள்கிற நல்ல எண்ணம்.

"மிஸ்டர் தாமோதரன், உக்காருங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க ஏன் திரும்பறீங்க?"

"ரோடு திரும்புது சார்."

"ரோடு திரும்பினா நீங்களும் திரும்பணுமா?"

"திரும்பலன்னா ஏரில உயுந்துடுவோம் சார்."

"ஏரி எங்க புராடக்ட் இல்ல."

தாமோதரன் மெல்ல, எல்லா வண்டியிலும் அதே சத்தம் வருகிறதாமே என்று கேட்டார். வேதகிரி கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார். வேதகிரியோ முகமெல்லாம் மலர்ந்து எழுந்து நின்றுவிட்டார்.

"கரெக்ட். உங்களுக்குப் புரிஞ்சிடுச்சு பாருங்க. ஒரு கார்ல மட்டும் வந்தா அது கோளாறு. எங்களுக்கே அசிங்கமா இருக்கும். எல்லாக் கார்லயும் வந்தா அது குணம். யோசிச்சுப் பாருங்க, தப்பா செஞ்சா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இல்ல கத்தும்? இத்தனை கார், இத்தனை ஊர், ஒரே குரல். இந்த ஒழுங்கு வேற எந்தக் கம்பெனியால முடியும்? இதுக்குப் பேருதான் தரம். டிசைன் பண்ணும்போதே எங்களுக்குத் தெரியும். மாத்தணும்னா முழு சக்கர அமைப்பையும் மாத்தணும். அவ்வளவு பெரிய சிரமத்தைக் கஸ்டமருக்குக் கொடுக்கக் கூடாதுன்னு நாங்களே முடிவு பண்ணினோம்."

"சந்தோசம் சார். இத்தையே ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துடுங்க."

வேதகிரி உட்கார்ந்தார். "எதை?"

"இப்ப சொன்னீங்களே, வண்டியோட கொணம்னு."

"எதோட குணம்? எங்க ரெக்கார்டுல அப்படி ஒரு ஒலியே இல்ல. சோதனைப் பாதையில வரல. இல்லாத ஒண்ணைப் பத்தி எழுதிக் கொடுக்கறது நேர்மை இல்ல மிஸ்டர் தாமோதரன். கம்பெனியோட முதல் கொள்கை நேர்மை."

"சார், எழுத்து இல்லன்னா என் வேல பூடும் சார். பஸ்ஸ உட்டுட்டு வந்துட்டேன். என் மேல தப்பு இல்லன்னு மட்டுமாச்சும் எழுதுங்க" என்றார் தாமோதரன். அவர் கை இரண்டும் தானாகவே கூப்பிக்கொண்டன. அதற்காக அவர் பிறகு ரொம்ப நாள் வெட்கப்பட்டார்.

கூப்பிய கையைக் கண்டால் வேதகிரிக்கு மனசு இளகிவிடும். அவர் ஒரு வழி சொன்னார். காரிடமிருந்து ஒலி கிடைக்காவிட்டால், அதைக் கேட்டவரிடமிருந்து வாங்கலாம் என்று விதி இருக்கிறது. தாமோதரன் வாயால் அந்தச் சத்தத்தைச் செய்து காட்டினால் பதிவு செய்துகொள்வார்கள். பதிவானது கண்டிப்பாக ஆராயப்படும். ஆராய்ந்தது கண்டிப்பாக எழுதப்படும்.

இதில் தாமோதரனுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. உத்திரமேரூர் பக்கம் வண்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் டிரைவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். டிரைவர் கத்திக் காட்டுவார், மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், புரியாவிட்டால் இன்னொரு முறை கத்தச் சொல்வார். எஞ்சின் இருமுவது, கியர் பல்லைக் கடிப்பது, பெல்ட் அழுவது எல்லாவற்றையும் அச்சு அசலாகச் செய்வதில் தாமோதரன் கைதேர்ந்தவர். பஸ் ஓட்டிய காலத்தில் அவர் கத்திக் காட்டினால், வண்டிதான் வந்துவிட்டது என்று நினைத்து ஆட்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுவார்கள்.

அவரை ஒரு கண்ணாடி அறையில் மைக்குக்கு முன்னால் நிறுத்தினார்கள். தாமோதரன் காற்றில் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். உடம்பை இடப்பக்கம் சாய்த்தார். அடித்தொண்டையில் 'க்ர்ர்ர்' என்று ஆரம்பித்து, நெஞ்சுக்கு ஏற்றி, கடைசியில் குட்டி ஆடு தாயைத் தேடுகிற குரலில் முடித்தார். வெளியே நின்ற ஷீபா தன்னை மறந்து கைதட்டினார். வலப்பக்கமும் கேட்டார்கள். அதையும் செய்தார். ஏ.சி. போட்டு ஒருமுறை, நிறுத்தி ஒருமுறை, மெதுவாகத் திரும்புவது, அவசரமாகத் திரும்புவது, முதலாளி பக்கத்தில் இருக்கும்போது திரும்புவது. காலையிலிருந்து வெறும் வயிறு, தொண்டை புண்ணாகிவிட்டது. தன் வேலை இந்தக் கத்தலில்தான் இருக்கிறது என்று நம்பிக் கத்தினார். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் தத்ரூபமாகக் கத்தினார்.

ஆராய்ச்சி முடிந்து, மறுநாள் முனிரத்தினத்தை நேரில் வரச் சொன்னார்கள். காரும் டிரைவரும் அங்கேயே இருந்ததால் அவர் மச்சானின் மினி வேனில் வந்து இறங்கினார். வேனைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு, அவரை மட்டும் குடை பிடித்து அழைத்து வந்தார்கள். சந்தன மாலை, பன்னீர், மாதுளை ஜூஸ். சோபாவில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் திண்டு வைத்தார்கள். தாமோதரன் தூணோரமாக நின்றார். முதலாளி வந்துவிட்டார், இனி இவர்கள் பாச்சா பலிக்காது என்று அவருக்குத் தெம்பு வந்திருந்தது.

வேதகிரி சுவரில் ஒரு படம் போட்டார். கோடு கோடாக ஏதோ ஏறி இறங்கியது.

"சார், உங்க கார்ல வர்றதா சொல்லப்பட்ட ஒலிய நாங்க முழுசா ஆராய்ஞ்சுட்டோம். எங்க மெஷின் தப்பே பண்ணாது. முடிவு இதுதான். இது ஒரு மனிதக் குரல். ஆண். நடுத்தர வயசு. பதிவு பண்ணின நேரத்துல சாப்பிட்டிருக்கல. எங்க கார்ல தொண்டை கிடையாது சார். ஆக, ஒலி வர்றது கார்லேர்ந்து இல்ல. டிரைவர்கிட்டேர்ந்து."

முனிரத்தினம் ஒன்றும் ஏமாளி இல்லை. சிரித்தார். "அட இன்னா சார், அவன கத்தச் சொல்லி நீங்கதானே புடிச்சீங்க? நானே என் காதால கேட்டுக்கினு கீறேன். மண்டபத்தாண்ட ஊரே கேட்டுச்சி."

தாமோதரனின் கண் நிறைந்துவிட்டது. இந்த மனிதருக்காக எத்தனை திருப்பம் வேண்டுமானாலும் திரும்பலாம் என்று தோன்றியது.

வேதகிரி அசரவில்லை. "நீங்க கேட்டப்ப எல்லாம் இந்த டிரைவர் கார்ல இருந்தாரா சார்?"

"அவன் இல்லாம நான் எங்க போறது?"

"இவர் இல்லாம கார் திரும்பி, அப்ப அந்த ஒலிய நீங்க கேட்டதுண்டா?"

"அது எப்படி சார் திரும்பும்?"

"அதுதான் சார் நானும் கேக்கறேன்."

வேதகிரி முனிரத்தினத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சொந்தக்காரர் குரலில் பேசினார். "சார், உங்ககிட்ட மனசு விட்டு சொல்றேன். எங்க ஓனர்ஸ் யாருக்குமே அந்த ஒலி கேட்டது கிடையாது. அதோ உக்காந்திருக்காரு பாருங்க, துறைமுகத்துல பெரிய பிசினஸ். அவருக்குக் கேக்கல. அவரோட டிரைவருக்குக் கேக்குதாம். பின்னாடி பெஞ்சுல உக்காந்திருக்கறவங்க எல்லாருக்கும் கேக்குது. வெலாந்த்ரோ ஓனருக்கு ஒரு காது உண்டு சார். அந்தக் காதுல இதெல்லாம் விழாது. நீங்க நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க, உங்களுக்குக் கேட்டுச்சா?"

முனிரத்தினம் எதிர்ச் சோபாவில் இருந்தவரைப் பார்த்தார். கையில் தங்கக் கடிகாரம், காலில் பளபளக்கிற ஷூ. அவர் முனிரத்தினத்தைப் பார்த்து, நம் ஆள் என்பது போலத் தலையை அசைத்தார். முனிரத்தினம் தன் வேட்டியைச் சரி செய்துகொண்டார்.

"அப்டி பாத்தா எனக்கும் சரியா கேட்ட மாதிரி ஞாபகம் இல்ல" என்றார்.

"மொதலாளி, மண்டபத்தாண்ட, இப்பத்தான் சொன்னீங்க..."

"மண்டபத்தாண்ட மோளம் அடிச்சிக்கினு இருந்தான்யா. அதுல இன்னா கேட்டுச்சோ. நீ செத்த சும்மா இரு."

அவ்வளவுதான். இத்தனை வருஷம் ஓட்டிய கையும், கடைமடைத் துண்டு நிலமும், வீட்டில் காத்திருக்கிற கனகாவும், மேளக்காரர் ஒருவர் மேல் பழி போட்டு ஒரு வாக்கியத்தில் முடிந்துபோயின. தாமோதரனுக்குக் கேட்க வேண்டியது நிறைய இருந்தது. தொண்டைதான் முந்தின நாளே போய்விட்டிருந்தது.

மற்றவை வாரண்டியில் மளமளவென்று நடந்தன. பழுதான பாகத்தைக் கழற்றிவிட்டு அதே வேலை செய்யும் புதுப் பாகத்தை இலவசமாகப் பொருத்த வேண்டும் என்பது விதி. வெள்ளைக் கையுறை போட்ட, கம்பெனியே சான்று கொடுத்த டிரைவர் ஒருவரைக் கொண்டுவந்து ஸ்டீயரிங் முன்னால் உட்கார வைத்து, பெல்ட் போட்டுச் சரிபார்த்தார்கள். கேக் வெட்டினார்கள். முனிரத்தினம் வாயில் ஒரு துண்டு ஊட்டி போட்டோ எடுத்தார்கள். ஷீபா ஒரு மஞ்சள் அட்டையைத் தாமோதரனின் மணிக்கட்டில் கட்டினார். 'கழற்றப்பட்டது' என்று அதில் அச்சிட்டிருந்தது.

"டைட்டா இருக்கா அண்ணா?" என்று அன்பாகக் கேட்டார்.

கழற்றிய பாகத்தை வாடிக்கையாளருக்குக் காட்டி, வேண்டுமா என்று கேட்பது அங்கே வழக்கம். நாளைக்கு யாரும் கம்பெனி எதையும் சுருட்டிக்கொண்டது என்று சொல்லிவிடக் கூடாது அல்லவா? தாமோதரனைக் கையைப் பிடித்துக் கொண்டுபோய்க் காருக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

"சார், பழைய பார்ட்டை எடுத்துட்டுப் போறீங்களா, இல்ல நாங்களே டிஸ்போஸ் பண்ணிடலாமா?"

முனிரத்தினம் அதற்குள் 'முருகா' சொல்லிக் காரில் விழுந்திருந்தார். தாமோதரனை அண்ணாந்து பார்த்தார். பிறகு பக்கத்து சீட்டில் இருந்த புதுப் பாகத்தைப் பார்த்தார்.

"எனக்கு எதுக்குமா அது? எடமும் இல்ல. நீங்களே வச்சிக்கோங்க."

'அவன்' என்று சொல்லியிருந்தால்கூடத் தாமோதரன் தாங்கியிருப்பார். மடையன், துப்புக்கெட்டவன் என்று திட்டியிருந்தாலும் ஒரு மனுஷனைத் திட்டியதாக இருந்திருக்கும். அவர் அட்டை கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

ஊழியர்கள் எல்லாரும் வரிசையாக நின்று கையாட்டினார்கள். வேதகிரி நடுவில் நின்றார். கார் அலங்கார வளைவுக்கு அடியில் நேராகப் போனது, கேட்டைத் தாண்டி நேராகப் போனது. அங்கே ரோடு குறுக்கே வந்தது. திருப்பி வைக்கத் தட்டு எதுவும் இல்லை. புது டிரைவர் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தார்.

க்ர்ர்ர் என்று ஆரம்பித்து, ஏறி, குட்டி ஆட்டின் குரலில் முடிந்தது. மினி வேனில் தூங்கிக்கொண்டிருந்த மச்சான் திடுக்கிட்டு எழுந்தார். கையாட்டிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் அப்படியே நின்றன. காருக்குள் முனிரத்தினத்தின் தலை மட்டும் ஆடாமல் அசையாமல் நேராக இருந்தது.

வேதகிரி மெதுவாகத் தாமோதரன் பக்கம் திரும்பினார்.

"மிஸ்டர் தாமோதரன், வளாகத்துக்குள்ள சத்தம் போடக் கூடாதுன்னு உங்களுக்கு சொல்லலையா?"

தாமோதரனின் வாய் மூடித்தான் இருந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் அவரையே முறைத்தார்கள். அவர் அட்டை கட்டிய கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டார். தூரத்தில் கார் அடுத்த திருப்பத்தில் மறுபடியும் கத்தியது.

"இன்னும் நல்லா பொத்துங்க" என்றார் வேதகிரி.